டைனமோ முதல் கிராபிக்ஸ் கார்ட் வரை

வன்னிப் பெருநிலப்பரப்பின் வரலாறு என்றால் பண்டாரவன்னியனில் தொடங்கி, குளங்களையும் காடுகளையும் கடந்து, போர்க்களங்களில் முடித்துவிடுவது நமது வழக்கமாகிவிட்டது. அந்த மண்ணில் மனிதர்கள் ஒரு விளக்கை எவ்வாறு எரியவைத்தார்கள், ஒரு வானொலியை எவ்வாறு பேசவைத்தார்கள் என்பது பற்றி எழுதப்பட்டவை மிகக் குறைவு. இன்று கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் சில இளைஞர்கள் பழைய உதிரிப்பாகங்களைச் சேர்த்துக் குறைந்த செலவில் விளையாட்டுக் கணினி பொருத்துகிறார்கள். இதனை வீண்வேலை என்று சலித்துக்கொள்ளும் பெற்றோர் பலரை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களுக்காகவே இக்கட்டுரை.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின்னர் யாழ் குடாநாட்டையும் வவுனியா நகருக்கு வடக்கே வன்னியின் பெரும்பகுதியையும் தேசிய மின்சாரம் கைவிட்டது. பொருளாதாரத் தடையினால் எரிபொருள், சீமெந்து, உரம் ஆகியவற்றோடு வானொலிக்குப் போடும் சிறிய பற்றரியும் அரிய பொருளாயிற்று. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளியேறிய மக்களில் பெருந்தொகையினர் பின்னர் வன்னிக்கு வந்து சேர்ந்தபோது, செய்தி கேட்பதே ஒரு தொழில்நுட்பப் பிரச்சினையாக இருந்தது.

அதற்கு மக்கள் கண்ட விடை சைக்கிள் டைனமோ. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுழற்ற, மற்றவர்கள் வானொலியைச் சுற்றி அமர்ந்து பிபிசி தமிழோசை கேட்ட காலம் அது. டைனமோ தருவது ஏறத்தாழ 6 வோல்ற். அதுவும் ஆடலோட்ட மின்சாரம். வானொலிக்கு வேண்டியதோ நேரோட்டம். நான்கு டையோட்டுகளைப் பாலம்போல இணைத்து, அதன் பின் ஒரு மின்தேக்கியை வைத்தால் இரைச்சல் அடங்கிக் குரல் தெளியும். பௌதிகவியலை ஆங்கிலத்திலோ தமிழிலோ முறையாகப் படித்திராதவர்களும் இதனைச் செய்தார்கள். மோட்டார் சைக்கிளின் காபுறேற்றரில் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டியவர்களும் இவர்களே.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ-9 வீதி யாழ்ப்பாணம் வரை திறக்கப்பட்டது. அவ்வழியே கணினிகளும் வன்னிக்கு வரத் தொடங்கின. வலையமைப்பு மின்சாரம் வந்து சேராத இடங்களில் அவை மின்பிறப்பாக்கிகளில் இயங்கின. அங்கு நான் கண்ட ஒழுங்கு இன்றும் நினைவில் நிற்கிறது. மின்பிறப்பாக்கியை இயக்கியதும் எவரும் கணினியைத் தொடமாட்டார்கள். முதலில் ஒரு குண்டு பல்பை எரியவிட்டு, அதன் ஒளி ஏறி இறங்காமல் நிலைபெறும் வரை காத்திருப்பார்கள். வோல்ற்மானி இல்லாத இடத்தில் பல்பே வோல்ற்மானி.

புலம்பெயர்ந்த உறவினர் அன்போடு அனுப்பிய கணினிகள் வேறொரு பாடத்தைக் கற்பித்தன. வட அமெரிக்காவில் மின்னழுத்தம் 120 வோல்ற், இலங்கையில் 230. அக்காலக் கணினிகள் பலவற்றின் பின்புறத்தில் 115, 230 என்று குறித்த சிறிய சிவப்பு ஆளி இருக்கும். அதனை மாற்றாமல் செருகினால், மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கும் உட்சுற்று, தாங்கமுடியாத அழுத்தத்தை மின்தேக்கிகள் மீது ஏற்றிவிடும். ஒரு வெடிச்சத்தம், சிறிது புகை, அத்துடன் முடிந்தது. ஆனால் டைனமோக் காலத்து மனிதருக்கு இதில் புதுமை எதுவும் இல்லை. கணினியின் மின்வழங்கியும் முதற்படியில் நான்கு டையோட்டுகளும் மின்தேக்கிகளும்தான். பின்னர் அதனை 12, 5, 3.3 வோல்ற்றாகக் குறைக்கிறது. அளவு மாறியதே தவிர அடிப்படை மாறவில்லை.

2006 ஆகஸ்டில் ஏ-9 மீண்டும் மூடப்பட்டது. 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி இராணுவத்தின் வசமாயிற்று. விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று நகர்ந்துகொண்டே இருந்த மக்கள் உயிரைக் காப்பதே பெரும்பாடாயிருந்த நிலையில், கணினிகளையும் வன்தட்டுகளில் இருந்த குடும்பப் படங்களையும் வழியெங்கும் கைவிட்டார்கள். பொருட்கள் போயின, கைகளில் இருந்த பழக்கம், தப்பியவர்களோடு தப்பியது.

போருக்குப் பின்னர் வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கும், அங்கிருந்து சுன்னாகத்துக்கும் 132 கிலோவோல்ற் மின்கடத்திப் பாதை அமைந்தது. 2014இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் தொடங்கியது. 2021 ஆகஸ்டில் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. நிலைமை சீராகிறது என்று எண்ணியிருந்த வேளையில் 2022 வந்தது. மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு உயர்ந்தது. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. புதிய கணினி என்பது சாதாரணக் குடும்பத்துக்குக் கனவாயிற்று. அதே ஆண்டு செப்டெம்பரில் எதீரியம் நாணயத்தின் வலையமைப்பு கிராபிக்ஸ் கார்ட்டுகள் தேவைப்படாத முறைக்கு மாறியதால், உலகெங்கும் அந்நாணயத்தை அகழ்ந்தவர்கள் பழைய கார்ட்டுகளை மலிவாக விற்றனர். இவ்விரண்டுக்கும் இடையில்தான் நமது இளைஞர்கள் புகுந்தார்கள்.

அவர்களுடைய செய்முறை எளிமையானது. அலுவலகங்கள் கழித்துவிட்ட, இன்ரெல் ஐ-5 வகைக் கணினியை வாங்குவது. ஒன்றுக்குப் பதிலாக இரண்டு றாம்களைப் போடுவது. பழைய வன்தட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி பொருத்துவது. இறுதியில் ஒரு கிராபிக்ஸ் கார்ட். இங்கேதான் சிக்கல். அலுவலகக் கணினியின் மின்வழங்கி பெரும்பாலும் 300 வாற்றுக்கும் குறைந்தது. அதன் இணைப்புகளும் பொது அளவில் இல்லாதவையாக இருப்பதுண்டு. ஆகவே, தாய்ப்பலகையின் துளையிலிருந்தே 75 வாற்றுக்குள் மின்சாரம் பெறும் ஜிடிஎக்ஸ் 1050 ரிஐ, சில ஜிடிஎக்ஸ் 1650 போன்ற கார்ட்டுகளைத் தேடிப் பிடிக்கிறார்கள்.

பரந்தனுக்கு அருகே ஒரு வீட்டில் பதினேழு வயது மாணவன் ஒருவனின் கணினியைப் பார்த்தேன். “கேம் தொடங்கின உடன நிண்டு போகுது, ஐயா” என்றான். அவன் காரணம் தேடிய முறை என்னைக் கவர்ந்தது. சூடு காரணமாயின் சில நிமிடங்கள் ஓடிய பின்னரே நிற்கும். சுமை ஏறிய கணத்திலேயே நின்றால் மின்வழங்கியில் சந்தேகப்பட வேண்டும் என்றான். கிராபிக்ஸ் கார்ட்டைக் கழற்றிவிட்டு இயக்கினான், நிற்கவில்லை. ஒவ்வொரு றாமையும் தனித்தனியே போட்டுப் பார்த்தான். அவற்றின் முனைகளை அழிறப்பரால் துடைத்தான். இறுதியில் நண்பன் ஒருவனின் மின்வழங்கியைக் கடன்வாங்கிப் பொருத்தியபோது பிரச்சினை தீர்ந்தது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்பதே அவனது விதி. முன்னாளில் வானொலி திருத்திய அவனது தந்தை, “இவன் படிக்கிறான் இல்லை” என்று என்னிடம் முறையிட்டார். “நீங்கள் படிப்பித்ததைத்தான் செய்கிறான்” என்றேன். அவர் சிரித்துக்கொண்டார்.

கணினி விளையாட்டில் இரவுகளைத் தொலைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அக்கவலை நியாயமானது. ஆனால் விளையாடுவதும், விளையாடும் கருவியைத் தானே உருவாக்குவதும் வெவ்வேறு காரியங்கள். பின்னையதை ஒரு பயிற்சியாக ஏற்று, பாடசாலைகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் இடமளித்தால், வன்னியின் செம்புழுதி, சித்திரை வெயில், ஐப்பசி இடி மின்னல் ஆகியவற்றைத் தாங்கும் கணினியைப் பராமரிக்கத் தெரிந்த ஒரு தலைமுறை உருவாகும்.

வெளிநாட்டு அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு முடிந்துவிட்டது. ஆதலால் உங்கள் நாடுகளில் நல்ல நிலையிலுள்ள பல கணினிகள் குப்பைக்குப் போகின்றன. லினக்ஸ் நிறுவினால் அவை இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். அனுப்ப விரும்பினால், மின்வழங்கி 230 வோல்ற்றுக்கு ஏற்றதா என்று முதலில் பாருங்கள். பெட்டியில் இடமிருந்தால் மலிவான மல்ரிமீற்றர் ஒன்றையும் வையுங்கள். அதனைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.