வேதாளையில் வீழ்ந்தவர்கள்

முத்துக்குளித்துறையில் போர்த்துகீசியர் ஆதிக்கம் ஓங்கிய காலை, அதனை எதிர்த்து அலீ இப்ராஹீம் மரக்காயர், பகீஹ் அஹ்மத் மரக்காயர், குஞ்சாலி மரக்காயர் ஆகியோர் 42 கலங்களுடன் காயலை நோக்கி வந்தனர். ஹிஜ்ரி 944இல் (1538) மண்டபத்தை அடுத்த வேதாளையில் கரையிறங்கியிருந்தபோது பகைவர் தாக்கினர். கலங்கள் பறிபோயின, பலர் ஷஹீதாயினர்.

இதனை ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் தம் 'துஹ்பத்துல் முஜாஹிதீன்' என்னும் அரபு நூலில் பதிந்து வைத்தார். இன்று மும்பையிலுள்ள கடற்படைத் தளமொன்று குஞ்சாலியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆயின், அக்கலங்களில் துடுப்பு வலித்தோர் பெயர்களை அந்நூல் கூறவில்லை. ஏட்டிலேறிய பெயர் நிலைத்தது. ஏறாதது கடலோடு போயிற்று.

நம் குடும்பங்களிலும் படையிலும் கப்பலிலும் பணியாற்றியோர் உளர். அவர்தம் பெயரையும் பணியாற்றிய ஆண்டையும் இன்றே எழுதி வைப்போம். பெயர் சொல்லித் துஆச் செய்வோம்.