மஞ்சள் சீட்டும் பிறந்த ஊர் அலமாரியும்

1950இல் வெளிவந்த 'ஏழை படும் பாடு' படத்தில் ஜாவர் என்னும் காவல் அதிகாரியாக நடித்த சீதாராமன், பிறகு கடைசிவரை 'ஜாவர்' சீதாராமனாகவே அறியப்பட்டார். விடுதலையான பின்னும் ஒருவனைப் பழைய குற்றம் விடாமல் துரத்தும் கதையில் நடித்தவருக்கே இப்படி ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது விந்தைதான்.

விக்தோர் ஹ்யூகோவின் நாவலைச் சுத்தானந்த பாரதியார் தமிழில் தந்ததால், 19 ஆண்டு சிறையிருந்து 1815இல் வெளியே வரும் ழான் வல்ழானை நாம் நன்கறிவோம். பாதிரியாரின் வெள்ளி விளக்குத்தண்டுகள் நம் நினைவில் நிற்கின்றன. அவன் சட்டைப்பையில் இருந்த மஞ்சள் கடவுச்சீட்டை மறந்துவிடுகிறோம். விடுதிக் கதவுகள் அவனுக்கு அடைபட்டது அதனால்தான். அந்தக் கறையைச் சட்டப்படி அழிக்க பிரான்சில் அன்று வழியே இல்லையா?

இருந்தது. புரட்சிக்காலத்து 1791ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் அதை ஒரு சடங்காகவே வகுத்திருந்தது. தண்டனை முடிந்து பத்தாண்டு கழிந்து, நன்னடத்தையை ஊர் ஒப்புக்கொண்டால், நகராட்சி அதிகாரிகள் இருவர் அவனை நீதிமன்றத்துக்கு அழைத்துச் செல்வார்கள். பழைய தீர்ப்பு உரக்க வாசிக்கப்படும். இவன் தன் குற்றத்துக்கு ஈடு செய்துவிட்டான், கறையை அழியுங்கள் என்று ஊரின் பெயரால் கேட்பார்கள். நீதிபதி மறுவிசாரணையின்றி அழித்ததாக அறிவிப்பார். அழகிய காட்சிதான். ஆனால், ஊரறியாக் குற்றத்தையும் ஊரறியச் செய்துவிடுகிற காட்சி!

1808ஆம் ஆண்டுச் சட்டம் சடங்கைக் கைவிட்டது, விளம்பரத்தைக் கைவிடவில்லை. மறக்கச் சொல்லிக் கேட்கும் விண்ணப்பத்தின் செய்தி நாளேட்டில் வரவேண்டும். நகராட்சியின் நற்சான்றும் வேண்டும். வல்ழான் மாற்றுப்பெயரில் ஒரு நகரத்துக்கே மேயராகிறான் என்பதை இங்கே எண்ணிப் பார்க்கலாம். பிறருக்கு நற்சான்று தரும் நாற்காலியில் அமர்ந்தவனுக்குத் தன் சொந்தப் பெயரைச் சொல்ல வாயில்லை.

அப்போதெல்லாம் தப்பிக்க இன்னொரு வழி, வேற்றூர் போய்விடுவது. அந்த வழியை அடைத்தவர் வெர்சாய் நகர அரசு வழக்கறிஞர் போன்வில் த மர்சான்ஜி. 1848இல் அவர் முன்வைத்த யோசனை மிக எளியது. மனிதன் எங்கும் போவான், பிறந்த ஊர் மாறாது. எங்கே தண்டிக்கப்பட்டாலும் ஓர் அட்டை அவன் பிறந்த ஊருக்குரிய நீதிமன்றத்துக்கு வந்து, அகரவரிசை அலமாரியில் சேரட்டும் என்றார். 1850இல் அது நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. அவரைக் கொடியவராக எண்ண வேண்டாம். நன்னடத்தையின்பேரில் கைதியை முன்கூட்டி விடுவிக்கும் முறைக்காக வாதாடியவரும் அவரே.

நாளடைவில் வேலை தருபவர்கள் அலமாரியை நாடவே தேவையில்லாமல் போயிற்று. உன் நகலை நீயே வாங்கி வா என்றால் போதும். மஞ்சள் சீட்டாவது அரசு தந்தது. இதை அவனே காசு கொடுத்து வாங்கினான்.

1899 ஆகஸ்ட் 5ஆம் நாள் சட்டம்தான் உண்மையான மாற்றம் என்போம். மூவகை நகல்கள் பிரிக்கப்பட்டன: நீதிமன்றத்துக்கு ஒன்று, அரசு அலுவலகங்களுக்கு ஒன்று, அவனுக்கே ஒன்று. குறித்த காலம் புதுக் குற்றமின்றிக் கழிந்தால், சில தண்டனைகள் அவன் கைக்கு வரும் நகலில் இடம்பெறா. மேலும் காலம் சென்றால் மறுவாழ்வுரிமை தானே வந்து சேரும். விண்ணப்பமில்லை, சான்றில்லை, நாளேடில்லை. 1791இல் ஊர்கூடிச் சொன்னதை இப்போது நாட்காட்டி ஓசையின்றிச் செய்தது.

அலமாரிகள் 1980களில் நாந்த் நகரத்துக் கணினியில் ஒன்றாயின. ஓராண்டுக்கு மேற்படாத ஒரே சிறைத்தண்டனை என்றால், இன்று ஐந்தாண்டில் மறுவாழ்வுரிமை தானே வருகிறது. ஆனால் அவன் மீண்டும் குற்றம் செய்தால், அந்தப் பழைய தண்டனையையும் நீதிமன்றம் கணக்கில் கொள்ளலாம் என்று 2007இல் ஒரு சட்டம் சேர்த்தார்கள். முதல்வகை நகலில் அது காத்திருக்கிறது.