யார் ஏழை? அரசின் கணக்கும் நமது ஜகாத் பட்டியலும்

செஞ்சி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கோட்டைதான். ஆனால் அதைச் சுற்றியுள்ள கிராமங்களில் விவசாயக் கூலியை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். நூறு நாள் வேலைத் திட்டம் 2006 பிப்ரவரியில் நாட்டின் 200 பின்தங்கிய மாவட்டங்களில் முதலில் தொடங்கப்பட்டது. தமிழகத்தில் தேர்வான ஆறு மாவட்டங்களில் செஞ்சி அடங்கிய விழுப்புரமும் ஒன்று.

ஒருவரை ஏழை என்று அரசு எப்படி முடிவு செய்கிறது?

முந்தைய முறை செலவைப் பார்த்தது. டெண்டுல்கர் குழுவின் முறைப்படி, 2011-12ல் கிராமத்தில் ஒருவரின் மாதச் செலவு 816 ரூபாய்க்கும், நகரத்தில் 1,000 ரூபாய்க்கும் கீழே இருந்தால் அவர் ஏழை. இதன்படி இந்தியர்களில் 21.9 சதவீதம் பேர் ஏழைகள். ரங்கராஜன் குழு 2014ல் இந்த எல்லையை 972, 1,407 ரூபாயாக உயர்த்தியது. உடனே அதே ஆண்டின் ஏழைகள் 29.5 சதவீதம் ஆனார்கள். மக்களின் நிலை மாறவில்லை, அளவுகோல்தான் மாறியது.

இப்போது நிதி ஆயோக் வெளியிடும் பல்பரிமாண வறுமைக் குறியீடு வருமானத்தைக் கேட்பதில்லை. சுகாதாரம், கல்வி, வாழ்க்கைத் தரம் ஆகிய மூன்றையும் சமமாகக் கொண்டு 12 அம்சங்களைப் பார்க்கிறது. மூன்றில் ஒரு பங்கு குறை இருந்தால் அக்குடும்பம் ஏழை. வீட்டில் ஒருவருக்கு ஊட்டச்சத்துக் குறைபாடு இருந்து, யாருமே ஆறு ஆண்டு பள்ளிப் படிப்பை முடிக்காவிட்டால் அதுவே போதும். ஆனால் விறகு அடுப்பு, மண் தரை, கழிப்பறை இல்லாமை ஆகிய மூன்றும் சேர்ந்தாலும் ஏழில் ஒரு பங்குதான்.

இக்கணக்கில் 2015-16ல் 24.85 சதவீதமாக இருந்த இந்திய வறுமை, 2019-21ல் 14.96 ஆகக் குறைந்தது. தமிழகத்தில் 4.76லிருந்து 2.20 ஆனது. உணவுக்கும் படிப்புக்கும் அதிக மதிப்புள்ள இக்கணக்கில், எல்லாருக்குமான ரேஷன் முறையும் 1982ல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டமும் தமிழகத்துக்குக் கைகொடுத்திருக்கின்றன.

எனினும் அந்த 12 அம்சங்களில் கடன் இல்லை. மருத்துவச் செலவுக்கு வட்டிக்கு வாங்கியவரின் வீட்டில் மின்சாரம், கேஸ், வங்கிக் கணக்கு எல்லாம் இருக்கலாம். கணக்கில் அவர் ஏழை அல்ல. ஜகாத் பெறத் தகுதியுள்ளவர்களாகத் திருக்குர்ஆன் (9:60) கூறும் எட்டு வகையினரிலோ ஏழைகளுடன் கடனாளிகளும் இருக்கிறார்கள்.

எனவே நமது மஹல்லாவில் பட்டியல் தயாரிக்கும்போது ரேஷன் கார்டை மட்டும் பார்க்காமல், பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா, வீட்டில் யாருக்கு நோய், எவ்வளவு கடன் என்று கண்ணியத்தோடு விசாரிப்போம். அரசின் கணக்கில் விடுபட்டவர் நம் கணக்கிலும் விடுபடக் கூடாது.