கடனட்டையும் கணக்கு வினவலும்

கடன் கொடுப்பவர் கடன் கேட்பவரை அறிந்திருத்தல் வேண்டும் என்பது வணிகத்தின் பழைய நியதி. ஊர்க் கடைக்காரர் கொப்பியில் கணக்கெழுதுவது, வாங்குபவரின் குடும்பத்தையும் குணத்தையும் அறிந்தே. முன்பின் அறியாத ஒருவர் ஓர் அட்டையை நீட்டிப் பொருள் கேட்கும்போது, அவரை நம்பலாமா என்று யாரிடம் வினவுவது? கடனட்டையின் வரலாறு பெரும்பாலும் இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாறேயாகும்.

1950ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் டைனர்ஸ் கிளப் தோன்றிற்று. அதன் அங்கத்தவர் தொடக்கத்தில் சிலரேயாதலின் ஐயமும் சிறிதாயிருந்தது. 1958 செப்டெம்பரிலோ, கலிபோர்ணியாவின் பிரெஸ்னோ நகரில், பாங்க் ஒவ் அமெரிக்கா ஏறத்தாழ 60,000 அட்டைகளை எவரும் கேளாமலே தபாலில் அனுப்பியது. திட்டம் மாநிலமெங்கும் பரவியபோது மோசடியும் செலுத்தப்படாத கடனும் பெருகி, வங்கி பெருநட்டம் அடைந்தது.

அக்காலத்து வணிகருக்கு இரண்டு காவல்களே இருந்தன. செல்லாத அட்டைகளின் இலக்கங்களை அச்சிட்ட பட்டியலைப் புரட்டிப் பார்த்தல் ஒன்று. குறித்த தொகைக்கு மேற்பட்ட விற்பனைக்குத் தொலைபேசியில் அனுமதி பெறுதல் மற்றொன்று. பட்டியல் அச்சேறி வருவதற்குள் திருடப்பட்ட அட்டை அதில் இராது. அட்டை தொலைதூர வங்கியினதாயின் ஓர் எழுதுவினைஞர் இன்னோர் எழுதுவினைஞரை அழைக்க வேண்டும். அவ்வங்கி மூடியிருந்தால் விடையே கிடையாது. வாடிக்கையாளரோ பலர் முன்னிலையில் காத்து நிற்பார்.

இதற்கிடையே ஐ.பி.எம். நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன், இலக்கத்தைக் கொண்டே இலக்கத்தைச் சோதிக்கும் கணித முறையொன்றை வகுத்து, 1960இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஓர் எண் பிழையாக எழுதப்பட்டால் கடைசி எண் அதனைக் காட்டிக்கொடுக்கும். எனினும், அத்தகைய கணக்கு உண்மையில் உண்டா என்பதை அம்முறை சொல்லாது. அதைக் கணக்கு வைத்திருக்கும் வங்கியே சொல்லவேண்டும்.

பின்னாளில் விசா எனப் பெயர் பெற்ற அமைப்பு, 1973இல் வங்கிகளைக் கணினி வலையால் இணைத்தது. நிமிடக் கணக்கிற் காத்திருந்த விடை, ஒரு நிமிடத்துக்குள் வந்து சேர்ந்தது.

இன்று அவ்வினா ஏ.பி.ஐ. எனப்படும் இணையவழி வாயிலூடாகச் செல்கிறது. ஒரு நிறுவனத்தின் கணினி அட்டை இலக்கத்தை மறையாக்கி அனுப்ப, அட்டை எந்த நாட்டினது, கடனட்டையா பற்றட்டையா, கணக்கு நடைமுறையில் உள்ளதா என்ற விவரங்கள் கணப்பொழுதில் கிடைக்கின்றன. கணக்கில் எவ்வளவு உண்டு என்பது பொதுவாகச் சொல்லப்படுவதில்லை. வணிகருக்கு அது வேண்டியதுமன்று.

ஆனால் நல்லவருக்குத் திறந்த வாயிலில் கள்வரும் வந்து தட்டுவர். களவாடிய இலக்கங்களுள் எவை உயிருடன் உள்ளன என்று ஆயிரக்கணக்கில் வினவிப் பார்ப்பது இக்கால மோசடிகளுள் ஒன்று. ஆகவே, கேட்பவர் யார் என்பதையும் அவ்வாயில் சோதிக்கிறது. பதிவு செய்யாதவருக்கும் அளவுமீறி வினவுபவருக்கும் விடை மறுக்கிறது. அனுமதி கிடைத்தபின் அட்டையின் இரகசியக் குறியீட்டைச் சேமித்து வைத்தலாகாது என்பது 2004இல் அட்டை நிறுவனங்கள் ஒன்றுகூடி வெளியிட்ட பாதுகாப்பு விதிகளுள் ஒன்று.

அன்று வாங்குபவரை மட்டும் ஐயுற்ற வணிக உலகம், இன்று வினவுபவரையும் ஐயுறுகின்றது. நேயர்களே, பிறர் கணக்கை அறியும் ஆற்றல் வளருந்தோறும், வேண்டிய அளவே கேட்கும் அடக்கமும் உடன் வளர்தல் வேண்டும். அவ்வடக்கம் இல்லாதவிடத்து அட்டையும் நிலையாது. அதைத் தாங்கும் நம்பிக்கையும் நிலையாது.