முதல்ல மைதானத்தைச் சின்னதாக்குங்க

கத்திரி வெயில்ல காயுற விழுப்புரத்துக்கும் ஐஸ் ஹாக்கிக்கும் என்னய்யா சம்பந்தம்னு நீங்க கேக்குறது காதுல விழுது. இருக்குங்க. திண்டிவனம், விழுப்புரம் பக்கம் சாயங்காலம் கோச்சிங் நடக்குற மைதானத்துப் பக்கம் போய்ப் பாருங்க. ஓரமா வண்டியை நிறுத்திட்டு அப்பா அம்மாக்கள் நிப்பாங்க. பையனுக்கு எட்டு வயசுதான் இருக்கும். ஆனா கேள்வி, "சார், டிஸ்ட்ரிக்ட் ஆடுவானா? ஸ்போர்ட்ஸ் கோட்டால சீட்டு கிடைக்குமா?"

இதே அவசரத்துல பல வருஷம் இருந்துட்டு, அப்புறம் நிதானத்துக்கு வந்தவங்கதான் கனடா, அமெரிக்காவுல இருக்குற ஐஸ் ஹாக்கிக்காரங்க. அந்த வரலாறுதான் இந்தப் பதிவு.

அமெரிக்க ஐஸ் ஹாக்கித் தளம் 200 அடி நீளம், 85 அடி அகலம். பெரியவங்களுக்கான அளவு. அதே தளத்துலதான் ஆறு ஏழு வயசுப் பொடிசுகளையும் ரொம்ப காலமா இறக்கி விட்டாங்க. கூட்டத்துல கொஞ்சம் வளர்ந்த பையன் ஒருத்தன் தட்டை ஓட்டிட்டுப் போவான், மத்ததெல்லாம் பின்னாடியே ஓடும். ஆட்டம் முடியுறப்போ பாதிப் பேரு மட்டையால தட்டைத் தொட்டிருக்கவே மாட்டாங்க.

1985-ல ரோஜர் பார்ன்ஸ்லிங்கிற கனடா உளவியலாளரும் கூட இருந்தவங்களும் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. பெரிய ஹாக்கி லீக்குகள்ல ஆடுறவங்கள்ல ஜனவரி முதல் மார்ச்சுக்குள்ள பிறந்தவங்கதான் அதிகம். ஜாதகம் எல்லாம் இல்லைங்க. அங்க வயசுப் பிரிவுக்குக் கணக்கு ஜனவரி 1. ஜனவரியில பிறந்தவன் டிசம்பர்ல பிறந்தவனைவிடக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் பெரியவன். எட்டு வயசுல ஒரு வருஷம்ங்கிறது பெரிய வித்தியாசம். உடம்பு வளர்ந்ததைத் திறமைன்னு நினைச்சு அவனைத் தேர்ந்தெடுத்து, நல்ல பயிற்சியும் அவனுக்கே கொடுத்தாங்க. சின்னவன் அத்தோட விட்டுட்டுப் போயிட்டான். (பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போது வாத்தியார் போட்ட ஜூன் மாசத் தேதியையே பிறந்தநாளா வச்சிருக்குற நம்ம பெரியவங்களை வச்சு ஆய்வு பண்ணியிருந்தா பார்ன்ஸ்லி தலை சுத்தி விழுந்திருப்பார்!)

அப்புறம் இஸ்த்வான் பாலி என்பவர், எந்த வயசுல எதைக் கத்துக்கொடுக்கணும்னு நீண்டகாலத் திட்டம் ஒண்ணை வகுத்தார். அதை அடிப்படையா வச்சு 2009-ல யுஎஸ்ஏ ஹாக்கி 'அமெரிக்கன் டெவலப்மென்ட் மாடல்' கொண்டு வந்தது. எட்டு வயசு வரைக்கும் தளத்தைக் குறுக்கால பிரிச்சுச் சின்னச் சின்ன ஆட்டம். 12 வயசுப் பிரிவுக்கு இருந்த தேசியப் போட்டியையே தூக்கிட்டாங்க. உடம்பால இடிச்சு ஆடுறதை 2011-ல அந்தப் பிரிவுக்குத் தடை பண்ணினாங்க. கனடாவும் 2013-ல அதே தடையைக் கொண்டு வந்துச்சு. 2017-ல அங்கயும் சின்னப் பசங்களுக்குச் சின்னத் தளம்தான்னு ஆச்சு.

சாரம் இவ்வளவுதான். எட்டு ஒம்பது வயசு வரைக்கும் ஓட்டம், தாவல், சமநிலை, சிரிப்பு. அதுலேர்ந்து 12 வரைக்கும் கை நுணுக்கம் வேகமா படியுற வயசு. கோப்பையை விடப் பயிற்சி முக்கியம். இடிக்கிறது, வியூகம், உடம்பை ஏத்துறது எல்லாம் அதுக்கு மேலதான்.

புல்தரை ஹாக்கியிலயும் இதே கதைதான். மைதானம் 91.4 மீட்டருக்கு 55 மீட்டர். நெதர்லாந்துல குழந்தைங்க முதல்ல பக்கத்துக்கு மூணு பேரு, அப்புறம் ஆறு, அப்புறம் எட்டு, கடைசியாத்தான் பதினொண்ணு. நம்ம தன்ராஜ் பிள்ளையையே எடுத்துக்குங்க. புனே பக்கம் கட்கியில இருந்த தமிழ்க் குடும்பத்துப் பையன். தளவாடத் தொழிற்சாலைக் குடியிருப்பு மைதானத்துல உடைஞ்ச மட்டையை வச்சு அண்ணன் தம்பிகளோட ஆடிப் பழகினவர். பின்னாடி நாலு ஒலிம்பிக், நாலு உலகக்கோப்பை ஆடினார்.

நம்மகிட்டயும் இதுக்கான வேர் இருக்கு. ஹாரி பக் 1920-லயே சென்னையில ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரி ஆரம்பிச்சுட்டார். நம்ம பி.டி. வாத்தியார் பரம்பரைக்கு வயசு நூறு தாண்டியாச்சு. தெருவுல ஆடின நொண்டியும் கில்லியும் என்னவாம்? ஒண்ணு சமநிலைப் பயிற்சி, இன்னொண்ணு கண்ணும் கையும் சேர்ற பயிற்சி. இப்ப தெருவுல ஆட இடமில்லை. பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கிறார். அப்புறம் நேரா கோச்சிங்ல கொண்டு போய் விட்டு, மெடல் எங்கன்னு கேக்குறோம்.

அதனால, விழுப்புரம் திண்டிவனம் பெற்றோர்களே, அடுத்த தடவை கோச்சைப் பார்த்தா டிஸ்ட்ரிக்ட் ஆடுவானான்னு கேக்காதீங்க. "இன்னிக்கு ஒரு மணி நேரத்துல இவன் பந்தை எத்தனை தடவை தொட்டான்? நாளைக்கும் வரேன்னு சொல்றானா?" இந்த ரெண்டைக் கேளுங்க. ரெண்டாவதுக்கு இல்லைன்னு பதில் வந்தா எந்தக் கோட்டாவும் உதவாதுங்க.

உங்க ஊர்ப் பசங்க எப்படி ஆடுறாங்கன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.