குடிவழியும் உல்லாசப் பயணமும்

மட்டக்களப்புக்கு வரும் உல்லாசப் பயணிகள், 1628இல் போர்த்துக்கேயர் கட்டி 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டையையும், 1924இல் திறக்கப்பட்ட கல்லடிப் பாலத்தையும் கண்டு, பாடும் மீனைப் பற்றி விசாரித்து மீள்கின்றனர். தெற்கே சில மைலிலுள்ள காத்தான்குடியை நாடுவோர் சிலரே.

அங்குள்ள பூர்வீக நூதனசாலை முஸ்லிம் மக்களின் முன்னை வாழ்வைக் காட்ட எழுந்தது. எனினும் பெருஞ்செல்வம் வீடுகளிலன்றோ இருக்கிறது! தாய்வழிக் குடிமுறை இப்பகுதித் தமிழர்க்கும் முஸ்லிம்கட்கும் பொது. மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அங்கு வருவிப்பது இருவர்க்கும் வழக்கம். கோயில் உரிமையைக் குடிகளுக்கு வகுத்தோம் நாம். பள்ளிவாசல் மரைக்காரைக் குடிவழி தெரிந்தனர் அவர்கள். இதனைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தல் இயலாது; வீட்டுப் பெரியோரே சொல்ல வேண்டும்.

1990 ஆகஸ்ட் 3ஆந் திகதி அங்கே பள்ளிவாசல்களில் தொழுதோர் கொல்லப்பட்டனர். அவ்வாண்டில் இரு சாராரும் பலரை இழந்தோம். ஆதலின், பிறநாட்டாரை அழைக்குமுன் நம் சங்கத்தார் விருந்தினராகச் சென்று, அப்பெரியோர் சொல்வதை இருந்து கேட்போமா?