கப்ரே இல்லாத இடத்தில் கொடி ஏன் ஏறுகிறது?

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் பிறகு வந்து வாசியுங்கள்.

ஜமாதுல் ஆகிர் பிறை பிறந்தால் கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் கொடி ஏறும். பன்னிரண்டு நாள் மௌலூது ஓதி, கந்தூரி கொடுத்து இறக்குவார்கள். அந்த நாட்களில் வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள்: "சேர், ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ் அடங்கியிருக்கிறது நாகூரில்தானே? இங்க கப்ரே இல்லையே. பிறகு எதுக்குக் கொடி?"

நல்ல கேள்வி. இதற்கு விடை தேட வரைபடத்தை விரிக்க வேண்டும். நாகூரிலிருந்து திருகோணமலைத் துறைமுகம் நேர்கோட்டில் 300 கிலோமீற்றருக்குள்தான். காற்று வாய்த்தால் பாய்க்கப்பலுக்கு அது பெரிய தூரமே அல்ல. நாகப்பட்டினத்தையும் திருகோணமலையையும் ஒரே காலத்தில் ஒல்லாந்தர் வைத்திருந்ததையும் நினைவில் வையுங்கள். அரிசியும் புடவையும் வந்த அதே வழியில் அவுலியாவின் பெயரும் வந்தது.

பதினாறாம் நூற்றாண்டில் வட இந்தியாவின் மாணிக்கப்பூரில் பிறந்து, பல நாடுகள் சுற்றி, கடைசியில் நாகூரில் தங்கியவர் அவர். அவரைப் பற்றிய கறாமத்துக் கதைகளில் இரண்டு எல்லோருக்கும் தெரியும். ஒன்று, தஞ்சாவூர் மன்னர் அச்சுதப்ப நாயக்கரின் தீராத நோய். அரண்மனையில் மறைத்து வைத்திருந்த, ஊசிகள் குத்திய புறா ஒன்றைக் கண்டுபிடித்து, ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கப் பிடுங்க மன்னருக்கு நோய் இறங்கியதாம். இரண்டாவது, நடுக்கடலில் ஓட்டை விழுந்த கப்பல். முடி இறக்கிக்கொண்டிருந்த அவுலியா கையிலிருந்த கண்ணாடியை எறிய, அது போய் ஓட்டையை அடைத்ததாம்.

கதை நடந்ததா இல்லையா என்பதை விடுங்கள். இந்த இரண்டு கதைகளும் எதைப் பற்றியவை என்று பாருங்கள். ஒன்று நோய், மற்றது கடல். கரையோரத்தில் வாழ்ந்த மனிதர்களுக்கு இருந்த இரண்டு பெரிய பயங்கள் அவைதான். கப்பலேறியவர்கள் அந்தப் பெயரைக் கூடவே கொண்டு போனார்கள். சிங்கப்பூரில் 1828க்கும் 1830க்கும் இடையில் நாகூர் தர்கா என்றே ஒன்றைக் கட்டினார்கள். பினாங்கிலும் ஒன்று உண்டு. அங்கும் கப்ர் இல்லை. கல்முனைக்குடியிலும் இல்லை. நினைவு மட்டும்தான்.

இந்த நினைவு முஸ்லிம்களோடு நின்றுவிடவும் இல்லை. நாகூரின் மிக உயர்ந்த மினாராவை, 131 அடி, கட்டிக் கொடுத்தவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப் சிங். கதிர்காமத்தில் ஹிழ்று நபியின் பெயரில் பள்ளி இருக்கிறது, அங்கும் கொடி ஏறுகிறது. நோய் வந்தவன் வாசலின் பெயர்ப்பலகையைப் பார்ப்பதில்லை.

கிண்ணியாப் பாலம் திறந்தது 2009இல்தான். அதற்கு முன் இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பாதை வரும்வரை என்ன செய்தார்கள்? லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கினார்கள், நூல் முடிந்தார்கள், இசிம் எழுதிக் கட்டினார்கள். பக்கத்து ஊர்ப் பரியாரியிடமும் போனார்கள். "யா முஹிய்யித்தீன்" என்று சொல்லிக்கொண்டே பிரசவம் பார்த்த மருத்துவிச்சிகள் பற்றி நம் மூத்தம்மாமாரிடம் கேட்டால் இன்றும் சொல்வார்கள்.

இது நம்மிடம் மட்டும் இருந்த வழக்கம் என்று யாரும் கூச்சப்படவேண்டாம். அமெரிக்காவின் டெக்சாஸில் மெக்சிக்கோ வழிவந்த மக்கள் தொன் பெத்ரித்தோ என்று ஒருவரைக் கொண்டாடுகிறார்கள். 1881இல் அங்கு வந்து குடியேறி 1907இல் இறந்த ஏழை மனிதர். வைத்தியர் குறைந்த அந்தப் பொட்டல் நிலத்தில் அவர் அதிகம் எழுதிக் கொடுத்த மருந்து தண்ணீர்தான். இத்தனை நாள் குடி, இத்தனை நாள் குளி. எல்லைக்கு அப்பால் எஸ்பினாசோ என்ற ஊரில் நீனோ ஃபிதென்சியோ என்றொருவர். கத்தோலிக்கத் திருச்சபையோடு சண்டையில் இருந்த ஜனாதிபதி காயெஸே 1928இல் அவரைத் தேடிப் போனார். அச்சுதப்ப நாயக்கர் கதை மாதிரி இல்லையா? இருவரையும் திருச்சபை புனிதர் என்று அறிவிக்கவில்லை. சனங்கள் அந்த அறிவிப்புக்குக் காத்திருக்கவும் இல்லை.

சரி, இதில் வஸீலா எது, ஷிர்க் எது? தீர்ப்புச் சொல்ல நான் மௌலவி இல்லை. எழுபதுகளின் கடைசியிலிருந்து மத்திய கிழக்குக்குப் போய் வந்தவர்களோடு கேள்விகளும் வந்தன. கேட்க வேண்டிய கேள்விகள் பலவும் அதில் இருந்தன. ஆனால் காத்தான்குடியில் அது வீடு எரியும் அளவுக்குப் போனதை நாம் கண்டோம். சண்டை பிடித்த இரண்டு தரப்பும் சரித்திரத்தை எழுதி வைக்கவில்லை. என் ஆதங்கம் அதுதான்.

ஏன் எழுத வேண்டும்? கூரகலையைப் பாருங்கள். தப்தர் ஜெய்லானியில் ரபீஉல் ஆகிர் கந்தூரி எத்தனை தலைமுறையாக நடக்கிறது! அந்த இடம் கேள்விக்குள்ளாகி, 2013இல் யாத்திரிகர்களுக்கான கட்டடங்கள் அகற்றப்பட்டபோது கையில் எடுத்துக் காட்ட அபூசாலி ஹாஜியார் எழுதிய புத்தகம் ஒன்றாவது இருந்தது.

நம் கன்னியாவுக்கு அப்படி என்ன இருக்கிறது? ஏழு வெந்நீர்க் கிணறுகளும் எல்லோருக்கும் தெரியும். இராவணன் தாய்க்குக் கடன் செய்த இடம் என்று இந்துச் சகோதரர்கள் அந்தியேட்டி செய்ய வருகிறார்கள். பௌத்த விகாரையின் இடிபாடு என்று தொல்பொருள் திணைக்களம் சொல்கிறது. பிள்ளையார் கோயில் நிலம் 2019இல் நீதிமன்றம் வரை போனது. அதே கன்னியாவில் நாற்பது முழ அவுலியா என்று நாம் சொல்லும் நீண்ட கப்ர் ஒன்றும் உண்டு. அங்கு ஸியாரத் செய்தவர்கள் யார், எந்த ஊரிலிருந்து மாட்டுவண்டி கட்டி வந்தார்கள், எந்த நோய்க்கு நேர்ச்சை வைத்தார்கள்? நம் பாடசாலை நூலகத்தில் ஒரு பக்கம்கூட இதைப் பற்றி இல்லை. சனங்கள் அந்தக் கிணறுகளில் குளித்துவிட்டுக் கப்ரடியில் ஃபாத்திஹா ஓதியிருந்தால், அதுவும் இந்த மாவட்டத்தின் சரித்திரம்தான். அதை நம்புகிறவர் மட்டும்தான் எழுதவேண்டும் என்றில்லை.

கிண்ணியா, மூதூர், தோப்பூர், புல்மோட்டை, நிலாவெளி, ஜமாலியா உறவுகளே, உங்கள் ஊரில் கொடியேறிய இடம், நின்றுபோன கந்தூரி, மௌலூது ஓதிய வீடு, தண்ணீர் ஓதிய லெப்பை, பழைய படம், நோட்டுப் புத்தகம் எதுவானாலும் கீழே எழுதுங்கள். எழுத முடியாத பெரியவர்கள் இருந்தால் பேசவிட்டுப் போனில் பதிந்து அனுப்புங்கள். உயர்தர வரலாறு படிக்கும் பிள்ளைகள் நான்கு பேர் கேட்டு எழுதத் தயாராக இருக்கிறார்கள். கன்னியாவுக்கு வண்டியில் போன கதை தெரிந்தவர்கள் முதலில் சொல்லுங்கள். அவர்களுக்கு வயது எண்பது தாண்டியிருக்கும்.